இரு காலத்துச் சாம்பியன்களை ஒரே ரிங்கில் மோதவிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜோ லூயிஸும் முகமது அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்? குத்துச்சண்டை பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. கொஞ்ச நேரத்தில் பேச்சு சத்தமாகும். ஒருவர் வேகம் என்பார், இன்னொருவர் பலம் என்பார், மூன்றாமவர் "அந்தக் காலத்து ஆளுங்க வேற மாதிரி" என்று முடித்துவிடுவார். யாரும் எதையும் காட்டாமலே கூட்டம் கலைந்துவிடும்.

இதை முறையாகச் செய்ய முடியும். நான் தட்டுத்தடுமாறிக் கற்றேன். வேண்டிய தகவல் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் எதை முதலில் செய்வது, எதை நம்பலாம், எங்கே ஏமாறுவோம் என்பது ஓரிடத்தில் எழுதப்படவில்லை. நீங்களும் அதே அலைச்சல் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக முழுக்க லூயிஸ், அலி மோதலையே வைத்துக்கொள்கிறேன். வேறு யாரை எடுத்தாலும் வழி இதுதான்.

செலவு, நேரம் இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். காசு அதிகம் ஆகாது. ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, இணைய இணைப்பு இருந்தால் போதும். பழைய சண்டைப் படங்களை 480பி தரத்துக்கு மேல் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, மூலமே அவ்வளவுதான். அந்தத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபி டேட்டா ஆகும். நேரம்தான் உண்மையான செலவு. 15 ரவுண்டு முழுதாகப் போன சண்டை, இடைவேளைகளோடு சேர்த்து 59 நிமிடம் ஓடும். குறிப்பெடுத்துப் பார்த்தால் அது இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஆளுக்கு மூன்று சண்டை என்றால் இரண்டு வார இறுதியை ஒதுக்கிவையுங்கள். ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்தால் கடைசி இரண்டு படத்தில் கண் எதையும் பிடிக்காது.

1. பெயரை விடுங்கள், தேதியைப் பிடியுங்கள்

"அலி" என்று ஒரே ஆள் கிடையாது. 1966 அலி கால்களால் ஆடியவர். 1967இல் பட்டத்தைப் பறித்து, மூன்றரை வருடம் ரிங்கு ஏறவிடாமல் வைத்த பிறகு 1970 அக்டோபரில் திரும்பி வந்தவர் வேறு ஆள். 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மனை வென்றவர் மூன்றாவது ஆள். பாதிப் பேர் 1966இன் கால்களையும் 1974இன் தாங்கும் சக்தியையும் ஒட்டி ஓர் அலியைச் செய்துகொள்கிறார்கள். அப்படி ஒருவர் எந்த ராத்திரியிலும் ரிங்கு ஏறியதில்லை.

ஆகவே நோட்டின் முதல் வரியில் பெயருக்குப் பதிலாகத் தேதியை எழுதுங்கள். நான் எடுத்துக்கொள்பவை இவை:

லூயிஸ்: 22 ஜூன் 1938, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்த ராத்திரி. எடை 198¾ பவுண்டு.

அலி: 14 நவம்பர் 1966, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம். கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் நிறுத்திய ராத்திரி. எடை 212¾ பவுண்டு.

அன்றைக்கு இருவருக்குமே வயது 24. இப்படி வயதும் பொருந்தி வந்தால் நல்லது, பாதி வாய்ச்சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒருவரின் மிகச் சிறந்த ராத்திரியில் எதிரே நின்றது யார் என்று பாருங்கள். வில்லியம்ஸை 1964 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுவிட்டார். ஒரு சிறுநீரகம் போய், பல அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி வந்தவர் அவர். அலி அந்த ராத்திரியில் அவ்வளவு அழகாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஷ்மெலிங் சண்டையும் அப்படித்தான்: இரண்டு நிமிடத்தில் முடிந்த சண்டை, பன்னிரண்டாவது ரவுண்டில் லூயிஸின் கால் எப்படி இருக்கும் என்று சொல்லாது. தேதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதாரத்துக்கு அந்த ஒரே படத்தை நம்பாதீர்கள், முன்னும் பின்னும் உள்ள சண்டைகளையும் சேருங்கள்.

2. படம் பார்க்கும் முன் ஒப்பந்தத்தை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இரு காலத்து ஆட்கள் என்றால் இரு காலத்து விதிகள். எந்த விதி என்று எழுதாமல் தொடங்கினால், நடுவில் உங்களுக்குப் பிடித்தவர் தோற்கும்போது விதி தானாக மாறும். அது மனித இயல்பு. அதனால்தான் முன்கூட்டியே மையில் எழுதச் சொல்கிறேன்.

எத்தனை ரவுண்டு என்பதில் தொடங்குங்கள். லூயிஸுக்கும் அலிக்கும் பட்டச் சண்டை 15 ரவுண்டு. 1982 நவம்பரில் தென்கொரியாவின் டுக் கூ கிம் ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகு, பட்டம் கொடுக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12க்கு இறங்கின. மூன்று ரவுண்டுதானே என்று தோன்றும். இதைப் பாருங்கள்: 18 ஜூன் 1941இல் லூயிஸை எதிர்த்த பில்லி கான், 12 ரவுண்டு முடிவில், புள்ளி போட்ட மூவரில் இருவரின் அட்டையில் முன்னிலை, மூன்றாவது அட்டையில் சமம். பதின்மூன்றாவது ரவுண்டில் லூயிஸ் அவரை நாக்அவுட் செய்தார். இன்றைய 12 ரவுண்டாக இருந்திருந்தால் அன்றைக்குப் பட்டம் கானுக்கு. 1952இல் ராக்கி மார்சியானோவும் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் அட்டையில் பின்தங்கியிருந்து, அதே பதின்மூன்றாவது ரவுண்டில்தான் ஒரே வலது குத்தில் முடித்தார். ஒரு எண்ணை மாற்றினால் சாம்பியன்கள் வரிசையே மாறிவிடும்.

அடுத்து கிளவுஸ். லூயிஸ் காலத்தில் 6 அவுன்ஸ், அலி காலத்தில் 8 அவுன்ஸ், இன்று ஹெவிவெயிட்டுக்கு (எல்லாவற்றிலும் மேலான எடைப் பிரிவு, லூயிஸும் அலியும் ஆடியது) 10 அவுன்ஸ். கிளவுஸ் சிறியதானால் பலமாகக் குத்துபவருக்கு லாபம், தோலும் சீக்கிரம் கிழியும்.

ரிங்கின் அளவு. கயிற்றுக்குள் 16 அடி, 20 அடி என்று இடத்துக்கு இடம் மாறும். நகர்ந்து ஆடுபவருக்குப் பெரிய ரிங்கு வேண்டும், துரத்துபவருக்குச் சின்னது வேண்டும். அலி இருக்கும் எந்த மோதலிலும் இதை விட்டுவிடாதீர்கள்.

விழுந்தால் என்ன நடக்கும்? ஜாக் டெம்ப்சியைக் கொண்டுவந்தால் இதுதான் முதல் கேள்வி. 1919இல் அவர் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வில்லார்ட் எழும் வரை பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடித்தார். அன்றைக்கு அது செல்லும். இன்றைக்கு இருவருக்கும் சொந்தமில்லாத நடுநிலை மூலைக்குப் போய் நின்றால்தான் நடுவர் எண்ணத் தொடங்குவார். ஒரே ரவுண்டில் மூன்று முறை விழுந்தால் சண்டை முடிந்தது என்ற விதி உள்ள இடத்தில் வில்லார்டுக்கு நாலாவது விழுகையே இருந்திருக்காது. டெம்ப்சியை அவர் காலத்து விதியில் இறக்குகிறீர்களா, நம் காலத்து விதியிலா என்று எழுதிவிடுங்கள்.

புள்ளி எப்படி? பழைய நியூயார்க்கில் யார் எத்தனை ரவுண்டு ஜெயித்தார் என்று மட்டும் எண்ணுவார்கள், நடுவரும் அட்டை போடுவார். இன்று ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்துப் புள்ளி, தோற்றவருக்கு அதைவிடக் குறைவு, அதைப் போட ரிங்குக்கு வெளியே மூன்று பேர். ஒருவரை வீழ்த்திய ரவுண்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடைப்பது இரண்டாவது முறையில்தான்.

கடைசியாக எடை பார்க்கும் நேரம். அப்போது சண்டை நாளன்றே பார்ப்பார்கள், இப்போது முந்தின நாள். ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதால் கவலை இல்லை. சின்ன எடைகளில் இது பெரிய விஷயம். இன்றைய ஆள் ஒரு ராத்திரியில் உடம்பை நிரப்பிக்கொண்டு பல பவுண்டு கூடுதலாக வந்து நிற்பார்.

என் ஒப்பந்தம்: 15 ரவுண்டு, 8 அவுன்ஸ், 20 அடி ரிங்கு, பத்துப் புள்ளி முறை, மூன்று விழுகை விதி இல்லை. லூயிஸின் மூலையில் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன், அலியின் மூலையில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ. மூலையில் யார் என்பதையும் எழுதுங்கள். பிளாக்பர்ன் 1942இல் இறந்தார், அதற்குப் பிந்தைய லூயிஸை எடுத்தால் அவர் வரமாட்டார்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

நாலு ஆவணம் வேண்டும்: முழுச் சண்டை வரலாறு, படங்கள், மறுநாள் பத்திரிகைச் செய்தி, புள்ளி அட்டை.

சண்டை வரலாற்றுக்குப் பாக்ஸ்ரெக் தளம் போதும். கணக்குத் தொடங்கச் சொல்லும், அதற்குக் காசு இல்லை. பக்கத்தைத் திறந்ததும் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். தேதி, எடை, எதிராளியின் அப்போதைய நிலை, எந்த ரவுண்டில் முடிந்தது என்று வரி வரியாகப் படியுங்கள். 1910களின் ஆட்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பல இடங்களில் அப்போது நாக்அவுட் இல்லாவிட்டால் முடிவே அறிவிக்கக் கூடாது. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதியதே தீர்ப்பு. அந்தச் சண்டைகள் அதிகாரக் கணக்கில் சேராது, ஆனால் நடந்தவை.

காட்சி ஆட்டங்களையும் கணக்கில் எடுக்காதீர்கள். 1980இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் ஆடியதை நேரில் கண்டவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் 38 வயது அலி ரசிகர்களுக்காக ஆடியது, 24 வயது அலியைப் பற்றி எதுவும் நிரூபிக்காது.

பத்திரிகைகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா தொகுப்பு இலவசம், 1963 வரையிலான பழைய பத்திரிகைகள் அதில் கிடைக்கும். பெரிய நாளிதழ்களின் சொந்தக் காப்பகங்கள் சந்தா கேட்கும். தொடக்கத்தில் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

படம் இல்லாதவரை எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்பேன். ஹாரி கிரெப், ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள். ஆனால் கிரெப் சண்டை போடும் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, பயிற்சி செய்யும் காட்சிகள்தான் உண்டு. அவரை யாரோடு மோதவிட்டாலும் நீங்கள் செய்வது கதை எழுதுவது. சுகர் ரே ராபின்சன் விஷயம் இன்னும் நுட்பமானது. அவர் உச்சத்தில் இருந்தது 147 பவுண்டில் என்று அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நாம் பார்க்கக் கிடைக்கும் படங்களோ பெரும்பாலும் பிறகு 160 பவுண்டில் ஆடியவை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு 147 பவுண்டில் சுகர் ரே லெனர்டுடன் மோதவிட்டால், ஒருவரின் இளமையையும் மற்றவரின் முதிர்ச்சியையும் ஒப்பிடுகிறோம்.

4. படத்தைச் சோதியுங்கள்

யூடியூபில் கிடைப்பதை அப்படியே நம்பக் கூடாது. மூன்று சோதனை செய்யுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதலாவது வேகம். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்கு 16 படம் என்ற அளவில். அதை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். டெம்ப்சி பொம்மை மாதிரித் துள்ளுவதும், அதைப் பார்த்து "என்ன வேகம்!" என்று ஒருவரும் "என்ன கோமாளித்தனம்!" என்று இன்னொருவரும் சொல்வதும் இதனால்தான். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் எடுத்து, மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை அளந்து பாருங்கள். மூன்று நிமிட ரவுண்டு இரண்டு நிமிடத்தில் முடிந்தால் படம் வேகமாக ஓடுகிறது. ரவுண்டு நடுவில் வெட்டியிருந்தால் நடுவர் பத்து எண்ணும் இடத்தைப் பிடித்து அளக்கலாம், அது ஏழு விநாடிக்குள் முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டும் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் ஓரளவு சரியாகும், 0.65 இன்னும் நெருக்கம். லூயிஸ் காலத்தில் பேசும்படம் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, கண்ணாடி பிம்பம். பதிப்புரிமைச் சிக்கலில் மாட்டாமல் இருக்கச் சிலர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். லூயிஸும் அலியும் இடது காலை முன்வைத்து நிற்பவர்கள். உங்கள் படத்தில் வலது கால் முன்னால் இருந்தால் அது திருப்பிய படம். தெரியாமல் குறிப்பெடுத்தால் இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) எல்லாம் வலதாகிவிடும்.

மூன்றாவது, தொகுப்பா முழுச் சண்டையா என்பது. பத்து நிமிடத் தொகுப்பில் எல்லாரும் சூரர்கள்தான். அவர்கள் தவறவிட்ட குத்துகள், மூச்சு வாங்கிய நேரம், கட்டிப்பிடித்து நின்ற இடம் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வெட்டிப்போட்ட பகுதிதான். பின்னால் சேர்த்த கூட்டத்தின் ஆரவாரமும் குத்துச் சத்தமும் இருக்கும், சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

5. பார்க்கும் முறை

ஆளுக்கு மூன்று படம் எடுங்கள்: அவர் உச்சத்தில் இருந்தது ஒன்று, திணறியது ஒன்று, எதிராளியின் பாணிக்கு நெருக்கமானவரோடு ஆடியது ஒன்று.

லூயிஸுக்கு: 1938 ஷ்மெலிங், 1936இல் அதே ஷ்மெலிங்கிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றது, 1941 கான். கான் முக்கியம், ஏனென்றால் அவர்தான் நகர்ந்து ஆடி லூயிஸைத் தடுமாற வைத்தவர்.

அலிக்கு: 1966 வில்லியம்ஸ், 1963இல் ஹென்றி கூப்பர், 1967 பிப்ரவரியில் எர்னி டெரலுடன் போன 15 ரவுண்டு. முழு தூரம் அவர் எப்படிப் போனார் என்பது டெரல் படத்தில் தெரியும்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை உங்கள் ஆளின் கால்களை மட்டும், இரண்டாம் முறை கைகளை மட்டும். நோட்டில் மூன்று பத்தி: ரவுண்டும் நேரமும், என்ன செய்தார், அதனால் என்ன கிடைத்தது. கம்ப்யூட்டரில் பார்த்தால் படத்தை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தி ஒவ்வொரு சட்டமாக முன்னும் பின்னும் போகலாம். கைப்பேசியை விட இதற்குக் கம்ப்யூட்டர் எவ்வளவோ மேல்.

எதைத் தேடுவது என்று ஓர் எடுத்துக்காட்டு. 1936 ஷ்மெலிங் சண்டையின் நாலாவது ரவுண்டை எடுங்கள். லூயிஸ் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து) போடுகிறார். கை போன வழியிலேயே தாடைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, சற்றுத் தாழ்ந்து இடுப்புப் பக்கம் வந்துதான் மேலே ஏறுகிறது. அந்தச் சின்ன இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை தோளுக்கு மேலாக வந்து இறங்குகிறது. லூயிஸ் விழுகிறார். பிறகு 1938 படத்தைப் பாருங்கள், அந்தக் கை அதற்குள் எவ்வளவு திருந்தியிருக்கிறது என்று நீங்களே எழுதுங்கள். எந்தத் தேதி லூயிஸ் என்பது ஏன் முக்கியம் என்று அப்போது புரியும்.

அலியிடம் தேடவேண்டியது வேறு. குத்து வரும்போது மற்றவர்கள் பக்கவாட்டில் விலகுவார்கள் அல்லது குனிவார்கள். அலி தலையை நேராகப் பின்னால் இழுப்பார், கைகள் தாழ்வாகவே இருக்கும். வேகம் இருக்கும் வரை அது காப்பாற்றும். ஆனால் அவரை வீழ்த்திய குத்துகளைப் பாருங்கள்: 1962இல் சன்னி பேங்க்ஸ், 1963இல் கூப்பர், 1971இல் ஜோ ஃப்ரேஸியர். மூன்றும் இடது ஹூக். லூயிஸிடம் குறுகிய தூரத்தில் வெடிக்கும் இடது ஹூக் இருந்தது. இந்த மோதலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

விழுந்ததை மட்டும் எண்ணாமல், விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். லூயிஸை 1937இல் ஜேம்ஸ் பிராடாக் வீழ்த்தினார், 1939இல் டோனி கலென்டோ வீழ்த்தினார், 1947இல் வால்காட் இரண்டு முறை வீழ்த்தினார். மூன்றிலும் லூயிஸ் எழுந்து ஜெயித்தார். கூப்பரிடம் விழுந்த அலி அடுத்த ரவுண்டிலேயே சண்டையை முடித்தார். இருவருமே எழுந்து நின்று பழகியவர்கள். "ஒரே அடியில் முடிந்துவிடும்" என்று சொல்பவரிடம் இந்தக் குறிப்பை நீட்டுங்கள்.

6. உடல் அளவைச் சரியான இடத்தில் வையுங்கள்

1938 லூயிஸ் 198¾ பவுண்டு. இன்றைய க்ரூஸர்வெயிட் வரம்பு 200. அதாவது இன்று அவர் ஹெவிவெயிட்டே இல்லாமல் கீழ்ப் பிரிவில் நிற்கலாம். மார்சியானோ 185 பவுண்டு வாக்கில்தான் சண்டையிட்டார். அலியோடு மோதவிடும்போது 14 பவுண்டு வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. அதே லூயிஸை இரண்டாயிரங்களின் ஆறரை அடி ஆட்களோடு இறக்கினால் நிலைமை வேறு. டெம்ப்சி 187 பவுண்டில் 245 பவுண்டு வில்லார்டை அடித்தாரே என்பார்கள். வில்லார்டின் தற்காப்பைப் படத்தில் பார்த்துவிட்டு, லெனாக்ஸ் லூயிஸின் (இவர் பிற்காலத்து வேறொரு லூயிஸ்) ஜாபைப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

7. ரவுண்டு ரவுண்டாக ஓட்டுங்கள்

ஐந்தைந்து ரவுண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே விதி: எந்தப் படம், எந்த ரவுண்டு என்று காட்ட முடியாத வாக்கியம் நோட்டில் ஏறக் கூடாது. முடிந்தால் இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் லூயிஸுக்காகவும் மற்றவர் அலிக்காகவும் வாதாடட்டும். பிறகு பக்கம் மாறி ஒரு முறை வாதாடுங்கள். பிடித்த ஆளுக்கு எதிராகப் பேச வேண்டி வரும்போதுதான் நோட்டில் உள்ள ஓட்டைகள் தெரியும்.

என் நோட்டில் இருப்பது இது. முதல் ஐந்து ரவுண்டில் அலி இடப்பக்கமாகச் சுற்றுகிறார், ஜாப் தூரத்திலிருந்து வருகிறது. லூயிஸ் சின்னச் சின்ன அடியாகத் தரையை விடாமல் நகர்பவர், கான் சண்டையில் போலவே அவருக்குத் தூரம் கிடைப்பதில்லை. நாலு ரவுண்டு அலிக்கு, ஒன்று லூயிஸுக்கு. அடுத்த ஐந்தில் லூயிஸ் தலையை விட்டுவிட்டு உடம்பைத் தேடுகிறார். அலி உடம்பில் அடிப்பவர் அல்ல, ஆகவே அந்த வேலை ஒரு பக்கம் மட்டுமே நடக்கிறது. இங்கே மூன்றுக்கு இரண்டு லூயிஸ் பக்கம், ஒரு முறை இடது ஹூக்கில் அலி விழுகிறார். கடைசி ஐந்துதான் கேள்வி. கான் பதின்மூன்றில் தோற்றதற்குக் காரணம், முன்னிலையில் இருந்தும் நாக்அவுட்டுக்குப் போய் லூயிஸின் தூரத்துக்குள் நின்றது. அலி டெரலோடு 15 ரவுண்டும் தன் தூரத்தை விடவில்லை. கானைவிட எடையும் உயரமும் உள்ளவர், கட்டிப்பிடித்தால் லூயிஸால் எளிதில் உதற முடியாது.

8. தீர்ப்பை எழுதும் முறை

"அலி ஜெயிப்பார்" என்று எழுதாதீர்கள். பத்து முறை மோதினால் எத்தனை முறை, எப்படி என்று எழுதுங்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் என் கணக்கு: அலிக்கு ஆறு, ஆறும் புள்ளியில். லூயிஸுக்கு நாலு, நாலும் நாக்அவுட், அதில் மூன்று பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு. அதே சண்டையை 12 ரவுண்டாக்கினால் அலிக்கு ஏழு. 6 அவுன்ஸ் கிளவுஸும் 16 அடி ரிங்கும் கொடுத்தால் லூயிஸ் பக்கம் சாய்ந்துவிடும். இந்த மூன்று வரியையும் தீர்ப்போடு சேர்த்தே எழுதுங்கள். பிறகு யாராவது மறுத்தால், ஒப்பந்தத்தில் எந்த வரியை மாற்றச் சொல்கிறீர்கள், எந்தப் படத்தில் எந்த ரவுண்டை நான் தவறாகப் பார்த்தேன் என்று கேளுங்கள். பேச்சு உடனே உருப்படியாகிவிடும்.

தீர்ப்பு எழுதும்போது இரண்டு குறுக்குவழிகள் கூப்பிடும், போகாதீர்கள். ஒன்று சங்கிலிக் கணக்கு: இவரை அவர் அடித்தார், அவரை இன்னொருவர் அடித்தார், ஆகவே இன்னொருவர் பெரியவர். 1971இல் ஃப்ரேஸியர் அலியை வென்றார். 1973இல் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஃப்ரேஸியரை ஆறு முறை வீழ்த்தி முடித்தார். சங்கிலிப்படி ஃபோர்மன் அலியை நொறுக்கியிருக்க வேண்டும். 1974இல் நடந்தது நமக்குத் தெரியும். பாணிக்குப் பாணிதான் மோதுகிறது.

இன்னொன்று, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்பது. 1967இல் அமெரிக்காவில் வானொலிக்காகக் கம்ப்யூட்டரில் நடத்திய போட்டியில் ஜிம் ஜெஃப்ரிஸிடம் அலி தோற்றதாக அறிவித்தார்கள், அலி வழக்குப் போட்டார். பிறகு 1969இல் அலியையும் ஓய்வுபெற்றிருந்த மார்சியானோவையும் நேரில் ரிங்கில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அமெரிக்காவில் காட்டியதில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட் செய்தார். பிரிட்டனில் ஒளிபரப்பியதில் முகக் காயத்தால் மார்சியானோ நிறுத்தப்பட்டு அலி ஜெயித்தார். ஒரே மோதல், ஊருக்கு ஒரு முடிவு. இன்றைய வீடியோ கேம்களும் உள்ளே யாரோ போட்ட மதிப்பெண்ணைத்தான் திருப்பித் தருகின்றன. விளையாடிப் பாருங்கள், நன்றாகப் பொழுது போகும், ஆதாரமாக மட்டும் எடுக்காதீர்கள்.

9. முதல் மோதலாக எதை எடுப்பது?

லூயிஸ், அலி மோதலை நான் காட்டிவிட்டேன், அதையே திரும்பச் செய்ய வேண்டாம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மார்சியானோவும் ஃப்ரேஸியரும். இருவருமே முன்னேறி அடிப்பவர்கள், ஆகவே யார் யாரைத் துரத்துவார் என்ற குழப்பம் இல்லை, நடுவில் நின்று வாங்கிக் கொடுப்பதுதான். காலமும் வெகுதூரம் இல்லை, ஒருவரின் உச்சம் 1952 முதல் 1955 வரை, மற்றவருடையது 1969 முதல் 1971 வரை. இருவர் காலத்திலும் 15 ரவுண்டு, 8 அவுன்ஸ், ஆகவே ஒப்பந்தம் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும். படங்களும் எளிதாகக் கிடைக்கும். மார்சியானோவுக்கு 1952 வால்காட், 1954 ஜூனில் எஸார்ட் சார்லஸுடன் போன 15 ரவுண்டு, 1955 ஆர்ச்சி மூர். ஃப்ரேஸியருக்கு 1969 ஜெர்ரி குவாரி, 1971 அலி, 1973 ஃபோர்மன். சார்லஸ் சண்டையிலிருந்து தொடங்குங்கள், மார்சியானோவை முழு தூரமும் பார்க்க நல்ல இடம் அது. முதல் முறை கால்களை மட்டும்.